சுழியும் சுளியும்: பிழைச்சொல் தேடலுக்குத் தமிழ் ஒலியிலக்கணம்

(அருப்புக்கோட்டையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் திருச்சுழி என்னும் பழம்பேரூர் உள்ளது. நம்பியாரூரர் தேவாரத்தில் அது திருச்சுழியல் எனப் பெயர்பெறும். இரமணர் 1879-ஆம் ஆண்டு பிறந்ததும் அவ்வூரிலேயே. பெருவெள்ளம் சூழ்ந்தபோது இறைவன் அவ்வெள்ளத்தைச் சுழித்து நிலத்துள் அமிழ்த்தினான் என்பது அவ்வூர்க் கோயிலின் பழங்கதை. ஆண்டின் பெரும்பகுதி ஆறு மணலாய்க் கிடக்கும் வானம்பார்த்த மண்ணில், நீரின் நினைவைத் தன் பெயரிலே பொதிந்து வைத்திருக்கும் ஊர் அது. அந்நினைவு முழுவதும் ஓரெழுத்தில் நிற்கிறது. அவ்வெழுத்து ழகரம்.

சுழி என்பது நீர் வட்டமிட்டு உள்வாங்கும் இடம். சுளித்தல் என்பதோ சினத்தாலும் வெறுப்பாலும் முகம் கோணுதல். ழகரம் ளகரமாயின் ஆற்றின் சுழி மறைந்து முகத்தின் சுளிப்பே எஞ்சும். அவ்வூர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோருள் சிலர் 'எல்' என்னும் எழுத்தை இடுகின்றனர். சிலர் 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்துகளை இடுகின்றனர். அவ்வாங்கில வடிவைப் பார்த்துத் தமிழுக்குத் திருப்புவோர் திருச்சுளி என்றும் திருச்சுலி என்றும் எழுதிவிடுகின்றனர். மக்கள் அறிவுக்கு அவை யாவும் ஓரூர். கணிப்பொறியின் கணக்கிலோ அவை வெவ்வேறு ஊர்கள்!

கணிப்பொறிக்குக் காதும் இல்லை, பொருளறியும் மனமும் இல்லை. எழுத்து ஒவ்வொன்றும் அதற்கு ஓர் எண். ஒருங்குறியில் லகரத்தின் எண் 2994. ளகரத்தின் எண் 2995. ழகரத்தின் எண் 2996. அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்கள்தாம். ஆயினும் 2995-ஐத் தேடச் சொன்னால் 2996-ஐத் தொடாமல் திரும்பிவரும் பொறி அது. சொல்லைத் தந்தால் செய்தியைக் கொணரும் தேடுபொறிகளும், பெயரைத் தந்தால் பதிவைக் காட்டும் அலுவலகப் பொறிகளும், ஒலிக்கல்வி ஊட்டப்படாதவரையில் இவ்வாறே செயற்படும்.

இது புலவர்களின் பொழுதுபோக்கு வழக்கன்று. வயிற்றோடு தொடர்புடைய வழக்கு. மானாவாரிக் காட்டில் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் மிளகாயும் விளைவிக்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் பெயர் அழகம்மாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டாவில் அவர் பெயர் தமிழில் இருக்கும். வங்கிக் கணக்கில் ஆங்கிலத்தில் இருக்கும். ஆதார் அட்டையில் இரண்டிலும் இருக்கும். ஓரிடத்தில் 'எல்', ஓரிடத்தில் 'இசட்-எச்'. ஓரிடத்தில் ககரத்துக்கு 'ஜி', வேறிடத்தில் 'கே'. 2019-இல் தொடங்கிய நடுவணரசின் உழவர் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 6000 உருபா. மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் சேர்வது. அதற்குப் பெயரும் ஆதாரும் பொருந்த வேண்டும். பெயர் ஒவ்வாமையால் தவணை தடைப்படுவதுண்டு. எழுத்தறியாத அம்மூதாட்டி செய்த பிழை யாது? தாய்மொழியில் பெயர் வைத்துக்கொண்டது ஒன்றே!

இத்தகைய இடர் தமிழர்க்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்க நாட்டில் பல நாட்டு மக்கள் குடியேறிய காலத்தில் ஒரே குடும்பப்பெயர் பலவாறாக எழுதப்பட்டது. அதற்கு இராபர்ட்டு இரசல் என்பார் ஒரு வழி கண்டு 1918-இல் காப்புரிமை பெற்றார். அவரும் மார்கரெட்டு ஓடெல் என்னும் அம்மையாரும் வகுத்த அம்முறை சவுண்டெக்சு எனப்படுகிறது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, எஞ்சிய மெய்களை ஒலியினத்துக்கேற்ப ஆறு வகுப்பாக்கி எண்ணிடுவது அதன் அமைப்பு. உதட்டொலிகளுக்கு 1, ககர சகர ஒலிகளுக்கு 2, தகர டகர ஒலிகளுக்கு 3, லகரத்துக்கு 4, மகர னகரங்களுக்கு 5, ரகரத்துக்கு 6. மூன்று எண்ணோடு நிறுத்திக்கொள்வர். இராபர்ட்டு என்னும் பெயரும் உரூபர்ட்டு என்னும் பெயரும் அம்முறையில் 163 என்றே முடியும்.

1930-களில் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கின் பழைய ஏடுகளுக்கு இம்முறையில் பெயரட்டைகள் எழுதப்பட்டன. முதியோர்க்கு ஓய்வூதியம் தருவதற்கு அவர்தம் அகவையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பழைய பதிவுகளில் அவர்தம் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெயர் பிழைபட எழுதப்பட்டமையால் முதியவர் ஒருவர் உரிமை இழக்கலாகாது என்னும் தேவைக்கு அம்முறை துணைநின்றது. அழகம்மாளின் வழக்கும் அதுவே அன்றோ?

அங்ஙனமாயின் அம்முறையை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பெயர்களுக்கு ஆளலாமே எனச் சிலர் கருதலாம். ஆய்ந்து பார்த்தல் நன்று. திருச்சுழியை ஆங்கிலத்தில் 'எல்' இட்டு எழுதினால் அம்முறையில் கிடைக்கும் எண் 624. 'இசட்-எச்' இட்டு எழுதினால் 622. பொருந்தவில்லை! அழகம்மாளுக்கு ஒருவகையில் 425, மற்றொரு வகையில் 225. பொருந்தவில்லை! திருச்சுழிப் பக்கத்தில் தமிழ்ப்பாடி என்று ஒரு சிற்றூர் உண்டு. மொழியின் பெயரையே தாங்கிய அவ்வூருக்கு ஒருவகையில் 541, மற்றொரு வகையில் 521. அங்கும் பொருந்தவில்லை. இறுதியாக, தமிழ் என்னும் சொல்லையே எழுதிப் பார்த்தால் 'எல்' இட்ட வடிவுக்கு 540, 'இசட்-எச்' இட்ட வடிவுக்கு 520. தமிழின் பெயரையே இரண்டாகப் பிளக்கும் முறை தமிழர் பெயரை எங்ஙனம் சேர்த்துவைக்கும்?

குறை இரசலிடம் இல்லை. அவர் தம் நாட்டார் வாயில் வழங்கிய ஒலிகளுக்கு அட்டவணை வகுத்தார். ழகரம் அவர் காதில் விழுந்ததில்லை. பிறர் அளவுக்குத் தைத்த சட்டை தோளில் இறுக்குமானால் தையற்காரனைப் பழிப்பதில் பொருளில்லை. தன் அளவுக்குத் தைத்துக்கொள்வதே அறிவுடைமை. யூதர்கள் அதைச் செய்தனர். கிழக்கு ஐரோப்பிய யூதர்தம் குடும்பப்பெயர்கள் இரசல் முறையில் சிதறுவதைக் கண்டு, தைச்சு, மொகோட்டாபு என்னும் இருவர் 1985-இல் தம் மக்கள் பெயரொலிக்கேற்பப் புதிய அட்டவணை வகுத்தனர். சிதறிய குடும்பங்கள் தம் முன்னோரைத் தேடிக் காண அம்முறை துணைசெய்கின்றது.

அவர்கள் புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. தமிழர்க்கோ அதற்குரிய மூலப்பொருள் முன்னரே குவிந்து கிடக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். எவ்வெழுத்து நாவின் எப்பகுதியால், அண்ணத்தின் எவ்விடத்தில், ஒற்றியோ வருடியோ பிறக்கின்றது என்பதை அது வகைப்படுத்துகிறது. ஒலியினப் பாகுபாட்டுக்கு அடிப்படை அதுவே. யாப்பிலக்கணத்தார் மோனைக்கு இனவெழுத்து வகுத்தனர்: அ, ஆ, ஐ, ஔ ஓரினம், இ, ஈ, எ, ஏ ஓரினம், உ, ஊ, ஒ, ஓ ஓரினம், சகரமும் தகரமும் ஓரினம், ஞகரமும் நகரமும் ஓரினம், மகரமும் வகரமும் ஓரினம். ஒன்றற்கு ஒன்று நிகராக நிற்கத்தக்க ஒலிகளின் அட்டவணை என்பது இதுவன்றி வேறென்ன? எழுத்து மாறியும் பொருள் மாறாமையைப் போலி என்றனர் இலக்கணத்தார். அறம் அறன் ஆகலாம். பந்தல் பந்தர் ஆகலாம். மஞ்சு மைஞ்சு ஆகலாம். பொறிக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம் இப்போலி இலக்கணமே.

இரண்டாம் பாடம் மயங்கொலி. ல, ள, ழ, ர, ற, ண, ந, ன. இவை போலியின் வேறானவை. இங்கு எழுத்து மாறினால் பொருளும் மாறும். ஆயினும் எழுதுவோர் மயங்கும் இடம் இதுவே. ஆதலால் தேடலின் பொருட்டு மெய் பதினெட்டையும் பதினொரு தொகுதியாக்கலாம். க, ச, ட, த, ப ஆகிய ஐந்தும் தனித்தனித் தொகுதி. ர, ற ஒரு தொகுதி. ல, ள, ழ ஒரு தொகுதி. மகரம் நீங்கிய மெல்லினம் ஐந்தும் ஒரு தொகுதி. ம, ய, வ தனித்தனி. உயிரை நீக்கி, இரட்டித்த ஒற்றை ஒன்றாக்கினால் திருச்சுழி, திருச்சுளி, திருச்சுலி மூன்றும் த-ர-ச-ல என்னும் ஒரே திறவுகோலைப் பெறும். திருச்செந்தூரோ த-ர-ச-ன-த-ர என விலகி நிற்கும். அருப்புக்கோட்டை என்று முறைப்படி எழுதினாலும், ஒற்று விடுத்து அருப்புகோட்டை என்று பிழைபட எழுதினாலும் ர-ப-க-ட என்பதே திறவுகோல்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தொல்காப்பியர் பிறப்பியலில் லகரத்தையும் ளகரத்தையும் ஓரிடத்தில் வைத்தார். ழகரத்தையோ ரகரத்தோடு வைத்தார். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை அவ்விரண்டும். பிறப்பால் ழகரம் ரகரத்தின் உடன்பிறப்பு. ளகரத்தோடு அதைச் சேர்த்தது பின்னை வழக்கு. மதுரைக்குத் தெற்கே பழத்தைப் பளம் என்றும் வாழையை வாளை என்றும் பலுக்கும் வாய்வழக்கு. ஆகவே பொறிக்கு இரண்டு அட்டவணை வேண்டும்: ஒன்று பிறப்பால் அமைந்த இனம், மற்றொன்று வாய்வழக்கால் நேர்ந்த மயக்கம். முன்னதை இலக்கண நூல் தரும். பின்னதை ஊர்தோறும் காதுகொடுத்துக் கேட்டே தொகுக்க வேண்டும். இவ்வட்டாரத்தில் எழுத்தில் கண்மாய் என்பதே பேச்சில் கம்மாய் ஆகிறது. மேற்சொன்ன பதினொரு தொகுதியும் அவ்விரண்டையும் சேர்த்துவைக்க மாட்டா; ணகரம் ஒரு தொகுதியிலும் மகரம் மற்றொன்றிலும் நிற்கின்றன. வட்டார வழக்கறிந்தார் துணையின்றி இவ்வேலை நிறைவுறாது என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாம் பாடம் அயலெழுத்துப் பற்றியது. தூயதமிழ் எழுதுவோர் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இராசராசன் என்று ஒருவர் எழுதுகிறார். ராஜராஜன் என்று மற்றொருவர் எழுதுகிறார். எழுத்தை மட்டும் ஒப்புநோக்கும் பொறி முன்னதைத் தேடினால் பின்னதைக் காட்டாது. பின்னதைத் தேடினால் முன்னதைக் காட்டாது. விளைவு யாது? தமிழ்நெறிப்படி எழுதியவரின் கட்டுரையும் நூலும் தேடுவோர் கண்ணிற் படாமலே மறையும். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்னும் நெறியைத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்துள்ளார். அந்நெறியையே பொறிக்குரிய மாற்றுவிதியாக்கலாம். ஜகரமும் ஸகரமும் சகரத்தோடும், ஹகரம் ககரத்தோடும் சேர்க. சொல் முதலில் ரகர லகரங்களுக்கு முன் இகரமோ அகரமோ உகரமோ வந்தால் அவ்வுயிரைக் கருதாது விடுக. இராமநாதபுரமும் ராமநாதபுரமும், அரங்கநாதனும் ரங்கநாதனும், உலோகமும் லோகமும் அப்போது ஒன்றாகும். முதலெழுத்தை மாற்றாது வைக்கும் இரசல் முறை இவ்விடத்தில் முதலடியிலேயே இடறி விழும் என்பதையும் உணர்க.

ஒலியால் நேரும் பிழையன்றிக் கைதவறி நேரும் பிழையும் உண்டு. ஓரெழுத்தை விடுதல், ஓரெழுத்தை மிகையாய் இடுதல், ஒன்றற்கு வேறொன்றை இடுதல், இரண்டை முன்பின்னாக மாற்றுதல் என அவை நான்கு. எழுத்துப்பிழைகளுள் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்நான்கனுள் ஒன்று ஒருமுறை நேர்வதாலேயே உண்டாகின்றன என்று தாமெராவ் என்பார் 1964-இல் கண்டார். ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை மாற்றம் வேண்டும் என எண்ணி இரு சொற்களின் தொலைவை அளக்கும் முறையை உருசிய அறிஞர் இலெவன்சுத்தீன் 1965-இல் வகுத்தார். பொறிகள் இன்றும் அவ்வளவையை ஆள்கின்றன.

ஆனால் தமிழுக்கு அதிலும் ஓர் இடறல். அருப்புகோட்டையில் விடுபட்டது 'க்' என்னும் ஓரெழுத்து. தமிழ்க் குழந்தைக்கு அது ஒன்று. ஒருங்குறியிலோ ககரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. எனவே பொறி அதை இரண்டு பிழையாக எண்ணிச் சொல்லைத் தொலைவில் தள்ளும். தமிழெழுத்து 247 என்பதை உணர்ந்து, எழுத்தளவால் எண்ணும் பொறியே தமிழ்ப்பிழையை உரியவாறு அளக்கும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு பேரிடர் எஞ்சுகிறது. வலி, வளி, வழி மூன்றும் ஒரே திறவுகோலைப் பெறும். புயல் பற்றி அறிய வளி என்று தேடுபவருக்கு மூட்டு வலிக்கான மருந்தைக் காட்டினால் அது தேடலாகாது. மனம், மணம், அரம், அறம், பொரி, பொறி எனப் பலவும் அவ்வாறே. ஆகவே முறைவைப்பு வேண்டும். எழுதியபடியே பொருந்துவது முதலில், போலியும் அயலெழுத்து மாற்றமும் இரண்டாவது, மயங்கொலி மூன்றாவது, கைப்பிழை நான்காவது. வீட்டுக்கு வந்தவர் யாராயினும் உள்ளே வரலாம். ஆனால் உரியவர்க்கே முதலிருக்கை.

பிழையை ஏற்பது பிழையை வளர்ப்பதாகாதா என்று தமிழ்ப்பற்றாளர் வினவலாம். உரிய வினாவே. மாணவன் 'பளம்' என்று எழுதினால் ஆசிரியர் அவன் கருதியது பழம் என உணர்ந்துகொள்கிறார். உணர்ந்தபின் சிவப்பு மையால் திருத்துகிறார். உணராதவர் ஆசிரியர் ஆகார். திருத்தாதவரும் ஆசிரியர் ஆகார். பொறியும் அவ்வாறே நடத்தல் வேண்டும். பிழையாகத் தேடியவர்க்கும் விடைதர வேண்டும். விடையின் தலையில் 'திருச்சுழி' என்னும் செவ்விய வடிவைக் காட்டவும் வேண்டும். பிழையை வாய்திறவாமல் பொறுக்கும் பொறி, நாளடைவில் பிழையையே வழக்காக்கிவிடும். மன்னிப்பும் திருத்தமும் ஒன்றாய் நிற்றல் வேண்டும்.

இனி, ஆங்கில எழுத்தைச் சீர்செய்தால் போதும் என்பார் உளர். 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழொலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. புதிய வடிவங்கள் படிப்பதற்கு அரியனவாயும் தமக்குள் ஒவ்வாதனவாயும் இருந்தன என்னும் கண்டனம் எழுந்தது. சில நாள்களிலேயே அரசு அவ்வாணையை மீட்டுக்கொண்டது. நோக்கம் நன்றே, ஆனால் 26 எழுத்துக்குள் ழகரம் இல்லை, ணகரம் இல்லை, குறில் நெடில் வரம்பும் இல்லை. இல்லாத எழுத்தைக் கொண்டு இருக்கும் பெயரைக் காக்க இயலுமா? மூலப்பதிவு தமிழெழுத்தில் இருக்க வேண்டும். ஆங்கில வடிவங்கள் எத்தனையாயினும் அம்மூலத்துக்கு வழிகாட்டும் பலகைகளாகவே நிற்க வேண்டும். இதுவே அடிப்படை.

பழி முழுவதையும் பிறர்மேற் சுமத்துவதும் அறமன்று. 'எல்' இட்டு எழுதியவன் உள்ளூரார் வாயிலிருந்து வந்த ஒலியையே எழுதினான் என்றால் மறுக்க இயலுமா? ழகரத்தின் சிறப்பை மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் பளம் தின்னும் நாக்கு, பொறிக்கு என்ன கற்பிக்கும்?

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. கேரளத்துக் கட்டற்ற மென்பொருள் முனைவர்கள் சில்பா என்னும் திட்டத்தில் இந்திய மொழிகள் பலவற்றின் ஒத்த ஒலிகளை இணைக்கும் முறையை அமைத்தனர். தமிழும் அதில் அடங்கும். நீச்சல்காரன் என்னும் புனைபெயர் கொண்ட தமிழர் வாணி என்னும் எழுத்துப்பிழைத் திருத்தியையும் நாவி என்னும் சந்திப்பிழைத் திருத்தியையும் ஆக்கி வழங்கியுள்ளார். கருவி செய்வோர் உளர். கருவிக்குள் இடவேண்டிய ஊர்ச்சொல்லைத் தருவோரே வேண்டும்.

அதைத் தரத்தக்கவர் இவ்வவையிலேயே உள்ளனர். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பகுதிகளில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் தமிழாசிரியர் ஒருவரும் மாணவர் ஐவரும் முன்வரட்டும். தத்தம் ஊர், கண்மாய், ஊருணி, காடு, தெய்வம், பயிர் ஆகியவற்றின் பெயர்களைத் தொகுக்கட்டும். பெயர் ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: செவ்விய தமிழ் வடிவம், ஊரார் பலுக்கும் வடிவம், பிழைபட எழுதும் வடிவங்கள், வழங்கும் ஆங்கில வடிவங்கள். ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் போதும். தொகுத்ததை யாவரும் எடுத்தாளும்படி கட்டற்ற மென்பொருள் ஆக்குவோர்க்கு வழங்கட்டும். அட்டவணை வகுப்பதற்கு ஆயிரம் கோடி வேண்டியதில்லை. காதும் பொறுமையும் மொழிப்பற்றும் வேண்டும்.

மழை பெய்தால் குண்டாறு மீண்டும் சுழித்தோடும். பெயரில் உள்ள சுழி வற்றிவிட்டாலோ எந்த மழையும் அதை நிரப்பாது. பொறி தமிழரின் நாவைக் கற்குமுன் தமிழர் தம் எழுத்தைக் கற்கட்டும். அழகம்மாள் தம் பெயரைத் தமிழில் சொல்ல, அப்பெயர் எந்த அலுவலகத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருந்தாலும் பொறி அவரை அடையாளங்கண்டு, அழகம்மாள் என்று ழகரத்தோடு விடையிறுக்கும் நாளே இம்முயற்சி வென்ற நாள்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் முயற்சி!